ஏரிக்கரையில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம்... பேவர் பிளாக் மட்டும் வேண்டாம்!

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், வைணவர்களுக்குக் கூரத்தாழ்வார் பிறந்த ஊர். வரலாறு படிப்பவர்களுக்கு, 7-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் செப்பேட்டால் தெரிந்த ஊர். பரமேஸ்வர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் அந்தச் செப்பேடு சொல்கிறது. தெற்கே உத்திரமேரூரில் வைரமேக தடாகம். இடையில் ஊருக்கு ஊர் ஏரிகள், அவற்றுக்கு மண்கரைகள்.

இந்தக் கரைகளையும் கிராமச் சாலைகளையும் இணைத்தால், இரண்டு மூன்று நாள் நடக்கவோ சைக்கிளில் சுற்றவோ நல்ல பாதை கிடைக்கும். பாலாற்றைப் பாலத்தில் கடந்து, திருமுக்கூடல் கோயிலைப் பார்த்துவிட்டு உத்திரமேரூர் போகலாம். இன்று அப்படி ஒரு பாதை அறிவிக்கப்படவில்லை. ஆனால், அறிவிக்க வேண்டும். அதைப் பூங்காவாக மாற்றாமல் அறிவிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மலைதான் வேண்டுமா?

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுடன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. முன்பதிவு, வழிகாட்டி என எல்லாம் முறைப்படுத்தப்பட்டன. காட்டுக்கும் மலைக்கும் கிடைத்த இந்தக் கவனம், சுமார் 40 ஆயிரம் ஏரிகள் உள்ள மாநிலத்தில் சமவெளிக்குக் கிடைக்கவில்லை.

ஜப்பானில் பீவா ஏரியைச் சுற்றி சுமார் 200 கி.மீ. சைக்கிளில் போகிறார்கள். 2019-ல் அந்நாட்டு அரசு அதைத் தேசிய சைக்கிள் வழித்தடமாக அறிவித்தது. பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த சாலைகள்தான். வழிகாட்டிக் கோடுகளும் பலகைகளும் சேர்ந்தபோது அது ஒரே பாதையானது.

கரை என்பது நடைபாதை அல்ல

“ஏரிக்கரையை அழகுபடுத்தினா ஊருக்கு நல்லதுதானே?” என்று கேட்கலாம். சென்னை சேத்துப்பட்டு ஏரியில் பூங்கா, படகுச் சவாரி எல்லாம் வந்தன. அந்த ஏரியை நம்பி இன்று நெல் வயல் இல்லை. காஞ்சிபுரம் மாவட்ட ஏரிகளின் கதை வேறு. மதகு திறந்தால்தான் ஆயக்கட்டுக்குத் தண்ணீர். கலங்கல் அடைபட்டால் வெள்ளத்தில் கரையே உடையும்.

மண்கரை ஆண்டுதோறும் மழையில் கரையும், அரிக்கும். எங்கே கசிகிறது, எங்கே நண்டு வளை, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து, மண் கொட்டி இறுக்க வேண்டும். மேலே கல் பதித்துவிட்டால் பழுது தெரியாது. தெரிந்தாலும் உடனே தோண்ட முடியாது. கல் ஏற்றிவரும் லாரியே கரையை அமுக்கிவிடும். நடப்பவர் காலும் சைக்கிள் சக்கரமும் காய்ந்த கரைக்குப் பெரிய பாரமில்லை. மழைக்காலத்தில் மட்டும் கரையை விட்டுவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாதையை மூடிவிட்டு, ஏரி நிறைந்து நிற்கும் ஜனவரியில் திறக்கலாம்.

தங்குவதற்கு ரிசார்ட் தேவையில்லை. நீர்ப்பிடிப்புக்கு வெளியே ஊராட்சி காட்டும் மேட்டு நிலம், ஒரு கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய் போதும். கூடாரத்தை வருபவரே கொண்டுவரட்டும். நெருப்பு மூட்டக் கூடாது, பாட்டு போடக் கூடாது, கொண்டுவந்த குப்பை திரும்பப் போக வேண்டும். சாப்பாடு ஊரில் சமைக்கட்டும். அந்தக் காசு ஊரிலேயே நிற்கும்.

யார் கையில் சாவி?

எதிர்ப்பவர்களின் பயமும் நியாயமானதே. “நாலு பேர் வந்தா நாற்பது பாட்டில் கிடக்கும்” என்பது ஏரிக்கரைக் கிராமங்களுக்குப் புதிய அனுபவம் அல்ல. பாதை வருவதற்கு முன்பே பாட்டில் வந்துவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத கரையில்தான் குப்பை கொட்டுவதும் ஆக்கிரமிப்பதும் சுலபம். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் சட்டமே வந்தது. ஆனாலும், கண்காணிக்கக் கண் வேண்டும்.

அந்தக் கண் ஊருக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு அருகிலேயே உதாரணம் உண்டு. வேடந்தாங்கல் மக்கள் 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேசிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினர். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், காப்பதில் அவர்களுக்கு லாபம் இருந்தது. உத்திரமேரூரின் 10-ம் நூற்றாண்டுக் கல்வெட்டிலோ, குடவோலையில் 6 பேரைத் தேர்ந்து ஏரி வாரியம் அமைத்த விவரம் இருக்கிறது.

பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. அனுமதியும் மேற்பார்வையும் அவற்றின் வேலை. எத்தனை பேர் வரலாம், எப்போது மூடலாம் என்பதைச் சொல்லும் உரிமை ஊராட்சிக்கும் பாசன விவசாயிகளுக்கும் இருக்க வேண்டும். கட்டணத்தின் முதல் ரூபாய் மதகுக்கும் கரைக்கும் போக வேண்டும். “தண்ணி திறக்கணும், இந்த வாரம் யாரும் வராதீங்க” என்று ஒரு விவசாயி சொன்னால், பாதை அன்றே மூட வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கரைக்கு வேண்டாம்.