சடாயுவின் ஊரில் செத்த கோழிக்கும் ஒரு குழி

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. இராவணனோடு போரிட்டு மடிந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுதான் என்பது தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயிலின் குளத்துக்கும் சடாயு தீர்த்தம் என்றுதான் பெயர். செத்த பறவைக்கு மனிதர் செய்ய வேண்டிய கடமையைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர்கள் அதிகம் இல்லை.

இன்றைக்கு நம் கிராமங்களில் ஒரு கோழி செத்தால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ ஏரிக்கரைக்கோ போகிறது. சாகும் முன்பே கவனித்துவிட்டால் குழம்புச் சட்டிக்குப் போகிறது.

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. நாட்டுக்கோழி என்பது வீட்டுப் பெண்ணின் சிறுவாட்டுக் காசு. கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து, கண்ணை மூடித் தூங்கி விழத் தொடங்கினால், ‘செத்து வீணாவதற்குள் அறுத்துவிடலாம்’ என்று தோன்றுவது இயல்பு. குடலும் தலையும் வாசலில் காத்திருக்கும் நாய்க்கும் பூனைக்கும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் மனிதருக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை என்பதால் பழக்கமும் பிழைத்து வந்தது. ஆனால், பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய அதே கோலத்தில்தான் வரும்: சிலிர்த்த இறகு, கழிச்சல், கழுத்துத் திருகல், ஒரே இரவில் நாலைந்து சாவு. கொண்டை நீலம் பூத்தால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் கண்ணால் பார்த்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்தின் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அதற்குள் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். பூனையும் தின்று முடித்திருக்கும்.

அந்தப் பூனையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது. அன்று முதல் நெடுங்காலம் இதைப் பண்ணைக்காரரின் கவலையாகவே பார்த்து வந்தோம். 2025-ன் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடம் பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் உறுதியானது. அதே பருவத்தில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே நோய்க்குப் பலியாயின. 2004-ல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில், நோய் கண்ட பச்சைக் கோழி இறைச்சியைத் தின்ற புலிகளில் செத்தவையும் கருணைக்கொலை செய்யப்பட்டவையுமாக 147 போயின. 2023-ல் போலந்தில் வீட்டுப் பூனைகள் கொத்தாகச் செத்தன. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், இதே நோயுற்ற மாடுகளின் காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் மாண்டன. புலியும் பூனையும் ஒரே குடும்பம். இரண்டின் உடலிலும் இந்த வைரஸ் நுரையீரலோடு நிற்பதில்லை, மூளையையும் தாக்குகிறது. தள்ளாட்டம், வலிப்பு, மூச்சுத்திணறல், பிறகு சாவு. நாய் ஓரளவு தாங்கும், என்றாலும் முழுப் பாதுகாப்பு அதற்கும் இல்லை: 2023-ல் கனடாவில் காட்டுப் பெருவாத்தின் உடலைக் கடித்த ஒரு வளர்ப்பு நாய் இறந்தது.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பூனையைத் துரத்திவிட வேண்டாம். அதன் வாய்க்குப் பச்சைக் குடல் போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும் ஆபத்து நீங்கிவிடும். வேகவைத்துப் போடலாம்.

மனிதருக்கு? 2003 முதல் இன்றுவரை உலகம் முழுவதும் எச்5என்1 தொற்றியவர்கள் ஆயிரத்தை ஒட்டித்தான் இருப்பார்கள். ஆனால், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். எளிதில் தொற்றாது, தொற்றினால் எளிதில் விடாது. 2025 மார்ச்சில் நம் பக்கத்து மாநிலமான ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுக் குழந்தை இந்நோயால் இறந்தது. வீட்டில் கோழி வெட்டும்போது கேட்டு வாங்கி, ஒரு பச்சைத் துண்டை வாயில் போட்டதாகச் செய்திகள் கூறின. அதே கறியைச் சமைத்துச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடுமையான இந்த ஒரு சம்பவத்திலேயே ஆபத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. 70 டிகிரி வெப்பத்தில், உள்ளே சிவப்பு தெரியாமல் வெந்த கறியில் இந்த வைரஸ் உயிரோடு இருக்காது. ஆகவே கோழிக்கறியையும் முட்டையையும் ஒதுக்கத் தேவையில்லை. நோய்ச் செய்தி வந்த நாள்களில் ஆஃப்பாயிலைத் தள்ளி வைக்கலாம். பெரியமனுஷி ஆன பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. முட்டையை அவித்துக் கொடுத்தால் சத்து பெரிதாகக் குறைந்துவிடாது.

திருப்புட்குழியிலிருந்து வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்கள் தொலைவில் இல்லை. கார்த்திகை, மார்கழியில் வரும் கிளுவைகளையும் ஊசிவால் வாத்துகளையும் பார்த்து, ‘இவைதான் நோயைக் கொண்டுவருகின்றன’ என்று கல்லெறிய ஆரம்பித்தால் அது பெரும் பாவம். காட்டு நீர்ப்பறவைகள் வைரஸைச் சுமக்கக்கூடும் என்பது உண்மை. அவற்றிடமிருந்து வீட்டுக் கோழியை விலக்கி வைப்பது நம் பொறுப்பு. அறுவடை முடிந்த கழனியில் மேயும் வாத்துக் கூட்டத்தோடு நம் கோழிகளும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிப்பதுதான் கவலைக்குரியது. வாத்து நோய் காட்டாமலே நோயைப் பரப்பக்கூடியது.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. புதிதாகச் சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனிக் கூடையில் அடைத்து வைக்க வேண்டும். கோழிக் கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகத்தில் துணி, முடிந்ததும் கைக்கு சோப்பு. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் தொடாமல், பிள்ளைகளையும் நாய் பூனையையும் விலக்கிவிட்டு, கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டும். மாதிரி எடுத்த பிறகுதான் புதைக்க வேண்டும். தனியாக ஒரு காக்கையோ கோழியோ செத்துக் கிடந்தால், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். நோய்க் கோழியைத் தொட்ட பத்து நாள்களுக்குள் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது ‘கோழியைத் தொட்டேன்’ என்பதைத்தான். ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

ஆனால் எல்லாவற்றையும் வீட்டின் தலையில் கட்டிவிட்டு அரசு நகர்ந்துவிடக் கூடாது. நோய்த்தடுப்புக்காக அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன. நோயால் முன்பே செத்ததற்குக் கிடையாது. அதாவது, சீக்கிரம் சொல்பவருக்கே லாபம். இது எத்தனை கிராமத்துப் பெண்களுக்குத் தெரியும்? பத்துக் கோழி வைத்திருக்கும் ஒருவர், சொன்னால் பத்தும் போய்விடும், பணம் வராது என்று நினைத்தால் வாயைத் திறக்கவே மாட்டார். இன்னொன்று, கறிக்கடைக் கழிவு. மூட்டை கட்டி ஏரிக்கரையில் இரவோடு இரவாகக் கொட்டுவதை ஊராட்சிகள் கண்டும் காணாமல் இருப்பது இனியும் தாங்காது. நாயும் காக்கையும் நீர்ப்பறவையும் கூடும் இடம் அது.

இவற்றுக்குப் புதிய திட்டம்கூட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறையினர் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்காகக் கிராமங்களுக்கு வருகிறார்கள். ஊசி போடும் அந்த நேரத்திலேயே இழப்பீட்டு விவரத்தைச் சொல்லிவிடலாம். 1962 என்ற எண்ணை ரேஷன் கடைச் சுவரிலும் பால் சொசைட்டி வாசலிலும் பெரிதாக எழுதலாம். கழிவு கொட்டுவதற்கு எதிரான தீர்மானத்தை அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே திருப்புட்குழியும் சுற்றுப்புற ஊர்களும் கொண்டுவரலாம்.