555 புத்தகத்தில் நம் வாயையும் அடகு வைத்து விட்டோமா?



கோவிலை உடைத்தால் கொதிக்கிறோம். தமிழ்ப்பள்ளிக்கு நிலம் மறுத்தால் வீதிக்கு வருகிறோம். வர வேண்டியதுதான்! ஆனால், வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு போய்க் கொட்டும் மளிகைக் கடையில் ஏமாற்றப்படும்போது மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

ஒரு கிலோ என்று நிறுத்துக் கொடுத்த வெங்காயம் வீட்டுத் தராசில் 900 கிராம். அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் இன்னொரு விலை. பருப்பு மூட்டையில் விலைச்சீட்டே இல்லை. 50 காசுதானே என்று விட்டு விடுகிறோம். பத்துப் பொருளுக்கு 50 காசு என்றால் 5 வெள்ளி. வாரம் ஒரு தடவை என்றால் ஆண்டுக்கு 260 வெள்ளி! உங்கள் பிள்ளையின் பள்ளிச் சீருடைப் பணம் அது.

ஏன் கேட்பதில்லை? கல்லா பக்கத்தில் இருக்கும் அந்த 555 கடன் புத்தகம்தான் காரணம். மாதக் கடைசியில் அரிசி கொடுத்து உதவும் கடைக்காரரிடம், "அண்ணே, தராசு சரியா இருக்கா?" என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் அடுத்த மாதம் கடன் கிடைக்காதே என்ற பயம். அவர் எழுதியதே கணக்கு.

தோட்டத்தில் நம் பாட்டன்மார் இதே நிலையில்தான் இருந்தார்கள். சம்பளம் கைக்கு வருமுன்பே தோட்டக் கடைக் கணக்கில் கரைந்தது. குறிப்பிட்ட கடையில்தான் சம்பளத்தைச் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட்டால் அது செல்லாது என்று 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்து விட்டோம். பயமும் நம்மோடு லோரி ஏறி வந்து விட்டது!

ஒன்றைப் புரிந்து கொள்ளுங்கள். கடன் சொல்லி வாங்கினாலும் நீங்கள் பயனீட்டாளர்தான். உங்கள் உரிமைகள் இவை:

1. விலைச்சீட்டு இல்லாமல் பொருளை விற்பது குற்றம். கொள்ளை இலாபம் அடிப்பது 2011 விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

2. கடைத் தராசு ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். பரிசோதனை முத்திரை தராசில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. காலாவதியான உணவுப் பொருளை விற்கக் கூடாது. 'தாரிக் லுப்புட்' என்று அச்சிட்டிருப்பதுதான் காலாவதி தேதி. மலாய் படிக்கத் தெரியாத நம் பாட்டிக்கு அந்த இரண்டு சொற்களைப் பேரப்பிள்ளைகள் காட்டிக் கொடுங்கள்.

4. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அறிவிப்புப் பலகையைக் கண்டு மிரளாதீர்கள். பொருள் கெட்டிருந்தால், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை எந்தப் பலகையாலும் பறிக்க முடியாது.

கடைக்காரர் மறுத்தால்? பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் வெறும் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் செலவு கிடையாது. ஏனென்றால் என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் அங்கே வாதாடவே முடியாது! பெரிய பேரங்காடியாக இருந்தாலும் அதன் வழக்கறிஞருக்கும் இதே கதிதான். தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாதது கிரிமினல் குற்றம். ஆனால் ஒன்று: இரசீது இல்லையென்றால் நிரூபிப்பது கடினம். இரசீதைக் கசக்கி எறியாதீர்கள்.

இப்போது புதிதாக ஓர் ஆபத்து. 2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு குடிமகனுக்கும் 'சாரா' உதவித் திட்டத்தில் 100 வெள்ளி மைகார்டு மூலம் கொடுக்கப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாத உதவியும் அதே வழியில் வருகிறது. பழைய கடனுக்கு ஈடாக மைகார்டைக் கடையில் வைத்து விட்டு வராதீர்கள்! பிறர் அடையாளக் கார்டைச் சட்டப்படியான உரிமையின்றி வைத்திருப்பது குற்றம். 555 புத்தகமாவது கடனைத்தான் வைத்திருந்தது. மைகார்டைக் கொடுத்தால் நம் குடியுரிமை ஆவணமே அடகுக்குப் போகிறது.

"நம் இனத்துக் கடைக்காரரைக் காட்டிக் கொடுக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கஷ்டக் காலத்தில் கடன் கொடுத்தவருக்கு நன்றி சொல்வோம். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுவோம். ஆனால் நன்றிக்கு விலை கிலோவுக்கு 100 கிராம் அல்ல! நேர்மையாக நிறுக்கும் தமிழ்க் கடைக்காரரும் இந்த ஏமாற்று வியாபாரத்தால்தான் நட்டப்படுகிறார். அவருக்காகவும் நாம் பேச வேண்டும்.

உள்நாட்டு வர்த்தக, வாழ்க்கைச் செலவின அமைச்சை நாம் கேட்கிறோம்: தீர்ப்பாய மனுப் பாரங்களைத் தமிழிலும் கொடு! தமிழ் பேசும் அதிகாரிகளைப் புகார் முகப்பில் அமர்த்து! தீபாவளிக்கு முன் தோட்டப்புறக் கடைகளிலும் மலிவு விலை அடுக்குமாடிக் கடைகளிலும் தராசைச் சோதி!

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கடன் கணக்குக்கு உங்களிடமும் ஒரு 555 இருக்கட்டும். பொருள், எடை, விலை மூன்றையும் அன்றைக்கே எழுதுங்கள். தவறு கண்டால் 1-800-886-800 எண்ணில் அமைச்சிடம் புகார் செய்யுங்கள். தனியாகப் போகப் பயமா? அடுக்குமாடியில் பத்துக் குடும்பம் சேர்ந்து போங்கள். ஒருவருக்குக் கடன் கொடுக்க மறுக்கலாம். பத்துக் குடும்பத்தை இழக்க எந்தக் கடைக்காரரும் துணிய மாட்டார்.

கேட்காதவனுக்கு எந்தச் சட்டமும் உதவாது. கேளுங்கள்!