பிழைத்த குழந்தைகள் எந்தக் கணக்கில்?

2017 ஆகஸ்டில் கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பாக்கித்தொகை தராததால் ஆக்சிஜன் வரத்து தடைபட்டது. மூளைக்காய்ச்சல் நோயாளிகளும் பச்சிளம் குழந்தைகளுமாகச் சில நாட்களில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு கொஞ்சநாள் கொதித்தது. செத்தவர்களைப் பற்றியாவது பேசினார்கள். பிழைத்தவர்களைப் பற்றி?

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் மூளையைத் தாக்கினால் 100 பேரில் 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைப்பவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு வலிப்பு, கைகால் முடக்கம், பேச்சிழப்பு, அறிவுத்திறன் குறைபாடு என ஏதோவொன்று நிலைத்துவிடுகிறது. ஆய்வு மாணவனான எனக்கு அட்டவணைகளைப் படிப்பதே வேலை. அரசு மாநிலவாரியாக வெளியிடும் அட்டவணையில் இரண்டே கணக்கு: நோயுற்றோர், இறந்தோர். முடங்கியோர் என்ற மூன்றாவது கணக்கு இல்லை. மருத்துவமனைக்கு அந்தக் குழந்தை 'டிஸ்சார்ஜ்'. கூலிக்குப் போகும் தாய்க்கோ அது ஆயுள்காலச் சுமை.

காரணம் கேட்டால் பொதுப்புத்தி பன்றியைக் காட்டும். பன்றியைக் காட்டும் விரல் அதை வளர்க்கும் தலித்தையும் சேர்த்தே காட்டுகிறது. அறிவியல் சொல்வது வேறு. பன்றியிடமும் நீர்ப்பறவையிடமும் உள்ள வைரஸைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, நீர் நிற்கும் நெல்வயலில் பெருகுகிறது. பன்றியைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் வயலை ஏற்றுவதில்லை. ஏனெனில் வயலுக்குச் சொந்தக்காரன் ஊரில் இருக்கிறான். அதன் கரையில் குடியிருக்கச் சபிக்கப்பட்டவன் சேரியில் இருக்கிறான். நோயாளிகள் எல்லோரும் தலித்துகள் என்று நான் சொல்லவில்லை. கொசு சாதி பார்ப்பதில்லை. கொசுவுக்கு அருகே யார் வாழவேண்டும் என்பதைச் சாதிதான் தீர்மானித்து வைத்திருக்கிறது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955-இல் நம் வேலூரில்தான் அடையாளம் காணப்பட்டது. ஜப்பான் தடுப்பூசியால் இதை ஒடுக்கியது. இங்கோ 2005-இல் உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 2006-இல்தான் பெருந்திரள் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. இடைப்பட்ட 51 ஆண்டுகள் யாருடைய குழந்தைகளின் ஆண்டுகள்? மாநகர அடுக்குமாடிகளில் குழந்தைகள் முடங்கியிருந்தால் அரசு இவ்வளவு நிதானமாக இருந்திருக்குமா?

எனவே கருணை வேண்டாம், கணக்கு வேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும் நரம்பியல் பரிசோதனை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இயன்முறை மருத்துவமும் வலிப்பு மாத்திரையும் வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தகுதியுள்ள குழந்தைக்கு, பெற்றோரை அலையவிடாமல் சான்றிதழ் வேண்டும். முடங்கியோர் பட்டியலைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும். கணக்கெடுக்காமல் இருந்துவிட்டு, 'நோய்க்கும் சாதிக்கும் என்ன தொடர்பு, ஆதாரம் எங்கே?' என்று நம்மிடம் கேட்பது வடிகட்டிய அயோக்கியத்தனம்.