வழிகாட்டும் செயலிகள்

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்கு மோட்டாரில் யாத்திரை போக உத்தேசித்திருக்கும் அன்பர்கள், இணையம் எட்டாத இடத்தில் வழிகாட்ட எந்தச் செயலி உத்தமம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சுமார் 430 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதையின் பெரும் பகுதியில் தொலைபேசித் தொடர்பே கிடையாது. போதாக்குறைக்கு, வெளி மாநிலங்களில் வாங்கிய பிரீபெய்டு சிம் கார்டு லடாக் எல்லைக்குள் நுழைந்ததும் மௌன விரதம் பூண்டுவிடும்.

ஆயினும் கலங்க வேண்டியதில்லை. நாம் நிற்கும் இடத்தை அறிவிப்பவை ஆகாயத்தில் சுற்றும் துணைக்கோள்கள். அவற்றின் அலைகளை வாங்கிக்கொள்ளக் கைபேசிக்கு இணையமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். இல்லாமற் போவது தேசப்படம் ஒன்றே. அதைக் கட்டுச்சோறு போல வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

கூகிள் மாப்ஸில் வேண்டிய பகுதியைச் சதுரமாக வெட்டி இறக்கிக்கொள்ளலாம். மோட்டாருக்கு வழி சொல்லும்; கால்நடையாகப் போகிறவனுக்கு இணையமின்றி வழி சொல்லாது. அவ்வப்போது புதுப்பிக்காவிடில் அந்தப் படம் காலாவதியாகியும் விடும். ஆர்கானிக் மாப்ஸ், ஆஸ்மாண்ட் இரண்டும் பிரதேசம் பிரதேசமாகப் படத்தைத் தருகின்றன. ஊரைத் தேடுவதும் வழியைக் கணக்கிடுவதும் கைபேசிக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. ஆஸ்மாண்டில் சௌகரியங்கள் ஏராளம். அவற்றைப் பழகுவதற்கே தனியாக ஒரு விடுமுறை எடுக்க வேண்டும்! குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஆர்கானிக் மாப்ஸே போதும் என்பது என் அபிப்பிராயம். அது இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை.

இவ்விரண்டுக்கும் ஆதாரம், 2004-ல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மாப் என்னும் பொதுப்படம். உலகெங்குமுள்ள தொண்டர்கள் வரைவது அது. நம் குக்கிராமம் அதில் காணப்படவில்லையென்றால், நம்மில் எவரும் அதை வரையவில்லை என்றே அர்த்தம். அதில் காஷ்மீரப் பகுதியின் எல்லைக்கோடு நமது சர்க்கார் படத்தில் உள்ளபடி இராது என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது நலம்.

படம் எப்போது இறக்கியது என்று பார்ப்பது அதைவிட முக்கியம். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டு, வழி சுமார் 46 கி.மீ. குறைந்தது. அதற்கு முந்திய படத்தை நம்பினால், அது உங்களை 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயின் மேல் ஏற்றிவிடும்.

புறப்படுமுன் வீட்டிலேயே கைபேசியை விமான நிலையில் வைத்து, சர்ச்சுவுக்கும் பாங்குக்கும் வழி கேட்டுப் பாருங்கள். விழிக்கிற செயலியை அங்கேயே நீக்கிவிடுங்கள். குளிரில் பாட்டரி சீக்கிரம் இறங்கும். ஆகையால் காகிதப் படம் ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும். பிற்பகலில் பனி உருகி ஓடைகள் சாலையின் மேல் பாயும் சங்கதி எந்தச் செயலிக்கும் தெரியாது. அதைத் தார்ச்சாவில் வண்டியை நிறுத்தி, எதிரே வருகிற லாரிக்காரரிடம்தான் விசாரிக்க வேண்டும்.