ஹிலாலிக் காவியமும் மேடைப் பண்டிதர்களும்

மக்கள் வழக்கில் பாடப்பெற்ற அரபு வரலாற்றுக் கவிதைகளை நாடகமாக்க வேண்டுமானால், முதலில் அவற்றை ‘ஃபுஸ்ஹா’ எனும் செந்நடைக்கு மாற்றிவிட வேண்டுமென்று வாதிடுவோர் உளர். நஹ்வும் ஸர்ஃபும் கற்ற நம்மவர் சிலரும் இதற்குத் தலையசைக்கின்றனர். திருமறையின் மொழிமீது நமக்குள்ள பற்று எவருடைய பற்றுக்கும் குறைந்ததன்று. எனினும் இவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கிறோம்.

பனூ ஹிலால் கோத்திரத்தார் 11ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து மேற்கே பெயர்ந்ததும், 1052இல் ஹைதரான் போரில் ஸீரி அரசர் முஇஸ்ஸு இப்னு பாதீஸை வென்றதும் வரலாறு. அவ்வரலாற்றை மக்கள் அபூ ஸைதின் கதையாக வளர்த்தனர். கருநிறத்தோடு பிறந்தமையால் தாயின் கற்பே ஐயுறப்பட்டு, அவளோடு வெளியேற்றப்பட்ட பிள்ளை அவன். பின்னர் அதே குலத்துக்கு அரணாகிறான். எகிப்தியக் கிராமத்துப் புலவர்கள் ரபாபை மீட்டி, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் புகழைப் பாடிய பின்னரே இக்கதையைத் தொடங்குவர். கவிஞர் அப்துர் ரஹ்மான் அப்னூதீ (1938–2015) அப்புலவர்களைத் தேடிச் சென்று ஒலிப்பதிவு செய்து தொகுத்திராவிடில், இதன் பெரும்பகுதி அவர்களோடே மண்ணுக்குள் போயிருக்கும்.

மேல் எகிப்தில் இது ‘முரப்பஉ’ எனும் நாலடிகளில் பாடப்பெறுகிறது. அதன் உயிர் சிலேடையில் இருக்கிறது. பேச்சில் ஈற்றொலிகள் உதிர்ந்து, ஹம்ஸா தேய்ந்து, வெவ்வேறு சொற்கள் ஒன்றாகவே ஒலிக்கும். அம்முடிச்சை அவிழ்ப்பது கேட்போர் வேலை, அவர்தம் இன்பமும் அதுவே. இதற்கு இஃராபைப் பூட்டினால் என்னாகும்? சொற்கள் தனித்தனியே பிரிந்து நிற்கும், சிலேடை செத்துப்போகும். காளமேகத்தின் பாடலைப் பதம் பிரித்தே மேடையில் ஒப்பிக்க வேண்டுமென்று தமிழில் எவரேனும் சட்டம் செய்வரா?

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வாதமன்று. தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வின் இறுதிப் பகுதியில் இந்த ஹிலாலிப் பாடல்களையே எடுத்துக் காட்டி, இஃராபு இல்லையென்று முகஞ்சுளித்த அக்கால அறிஞர்களைக் கண்டிக்கிறார். சொல் கருத்துக்கும் சூழலுக்கும் பொருந்துவதே பலாகத்து. இலக்கண ஈறுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அவர் தீர்ப்பு. அவரினும் அரபு அறிந்தவரா நம் பண்டிதர்கள்? (நம் பாட்டிமார் ஓதிய கிஸ்ஸாக்களையும் இவர்கள் ‘கொச்சை’ என்றே ஒதுக்கினர் என்பதை இங்கே நினைவூட்டாதிருக்க முடியவில்லை.)

அஹ்மது ஷவ்கீ செந்நடையில் எழுதிய நாடகங்களை நாமும் போற்றுகிறோம். கிலியோபாத்ரா அரசி, அந்நடை அவளுக்குப் பொருந்தும். தவ்ஃபீக்குல் ஹகீம் 1956இல் ‘அஸ்ஸஃப்கா’ நாடகத்தில் இரு வழக்காகவும் வாசிக்கத்தக்க ‘மூன்றாம் மொழி’யை முயன்றார். கெட்டிக்காரத்தனந்தான், ஆனால் அது உரைநடை உரையாடலுக்கு ஆகும், சிலேடைக் கவிக்கு ஆகாது.

மற்றொரு பிழையும் உண்டு. பாத்திரங்களை நடிகர்களுக்குப் பங்கிட்டுவிட்டுப் புலவரை மேடையினின்று இறக்கிவிடுகின்றனர். தூனிஸின் காவலன் ஸனாத்தி கலீஃபா எதிரியே. எனினும் வீரனாகப் பாடப்பெறுபவன். தியாபின் ஈட்டி அவன் கண்ணில் பாயும்போது, கொன்றவனையும் வீழ்ந்தவனையும் ஒரே குரல் பாடுகிறது. அக்குரலை நீக்கினால் எஞ்சுவது நல்லவன், கெட்டவன் என்ற சில்லறைக் கூத்து.

மொராக்கோ நாட்டவருக்கு மேல் எகிப்திய வழக்கு விளங்காதே என்பர். உண்மைதான். கதைச் சுருக்கத்தைச் செந்நடையில் அச்சிட்டு வாயிலில் கொடுக்கட்டும். முழுக் கதையும் வேண்டாம். அபூ ஸைதின் பிறப்பு ஒன்றே ஓர் இரவுக்குப் போதும். ரபாபோடு புலவர் மேடையிலேயே அமரட்டும். நடிகர்கள் அவரைச் சுற்றி நிற்கட்டும்.