ஈரத்தின் விலை

ஜமுனாமரத்தூரில் நண்பரொருவரின் வீட்டில்தான் எங்கள் சிற்றிதழ்க் கட்டுகள் இருக்கின்றன. சென்ற ஐப்பசி அடைமழைக்குப் பின் பிரித்துப் பார்த்தபோது அட்டைகளில் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை. இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருகிறது. ஈரம் ஏறிய இரவில் ஆடியில் நீர் படியும் என்று வானியலார் குவிமாடத்தை மூடி வைக்கலாம். காகிதம் எங்கே போய் ஒளியும்? வெயிலில் உலர்த்தலாமே என்பார்கள். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது?

ஆகவே ஈரப்பதம் நீக்கும் கருவி ஒன்று வாங்கினோம். மின்செலவை நாங்கள் பங்கிட்டுக்கொள்வதாகப் பேச்சு. அங்கேதான் கருத்து வேறுபாடு.

கருவி 200 வாட். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரு மாதக் கணக்கெடுப்பில் 120 யூனிட். நண்பர் வீட்டுச் செலவு ஏற்கெனவே 420. எங்களில் சிலர் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, 'ஐந்நூறு ரூபாய்தான்' என்றனர். இது தவறு என்பது எங்கள் கட்சி.

2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துப் பார்ப்போம் (பின்னர் விலை மாறியது, இன்றைய விலையை ரசீதில் பார்த்துக்கொள்க). முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. ஆக 420க்கு ரூ.1,245. 500ஐத் தாண்டினாலோ ரூ.2.25 என்ற சலுகை மறைந்து அந்த நூறும் ரூ.4.50 ஆகிவிடும், மேலே போவதற்கு ரூ.8. ஆகவே 540க்கு ரூ.2,270. கருவியால் கூடியது ரூ.1,025. இதே கருவி 180 யூனிட் செலவாகும் வீட்டில் ஓடியிருந்தால் ரூ.495தான் கூடியிருக்கும். கருவியின் செலவைக் கருவி மட்டும் தீர்மானிப்பதில்லை.

குறைக்க வழியுண்டு. சன்னலைத் திறந்து வைத்துக் கருவியை ஓட்டுவது மலையையே உலர்த்தப் பார்ப்பதாகும். கதவடைத்த ஒரு சிற்றறை போதும். ஈரப்பத அளவை 55 விழுக்காட்டில் நிறுத்தினால் கருவி தானே ஓய்ந்து ஓய்ந்து ஓடும். மார்கழிக் குளிரில் குளிர்சுருளில் பனி உறைந்து, வடியும் நீர் குறையும், மின்சாரம் அவ்வளவு குறையாது, அந்நாட்களில் நிறுத்திவிடலாம்.

எப்படியாயினும், இதழ்கள் எங்களுடையவை, மீட்டர் அவருடையது. இந்த முறை ரூ.1,025ஐயும் நாங்களே கொடுக்க வேண்டும்.