சுழல்வீழ்ச்சியும் விமானம் பயில்வோரும்

தனியார் விமானி உரிமத்துக்குச் சுழல்வீழ்ச்சிப் பயிற்சி வேண்டியதில்லை என 1949 இல் அமெரிக்கா விதித்தது. பயிற்றுநராவோர்க்கே அது கட்டாயமாயிற்று. தாழப் பறக்கையிற் சுழன்றால் மீள உயரம் இராது. ஆதலின், சிறகு தாங்குவிசை இழப்பதை முன்னறிந்து தவிர்க்கக் கற்பித்தலே போதும் என்பர். இவ்வாதத்தை முற்றாய் மறுத்தற்கில்லை.

ஆயினும், விமானம் மூக்குக் குப்புறச் சுழலுங்கால் கை தன்னியல்பாய்ப் பிடியைப் பின்னே இழுக்கும். இழுக்க இழுக்கச் சிறகு தாங்குவிசை பெறாது. 1912 இல் ஆங்கிலேய விமானி வில்பிரட் பார்க்கும் அவ்வாறே இழுத்தார். நிலத்தை அண்மியபோது சுக்கானை எதிர்ப்புறம் மிதித்தே பிழைத்தார். இயந்திர விசையைத் தணித்து, சுழற்சிக்கு எதிராகச் சுக்கானை முழுதும் மிதித்து, பிடியை முன்தள்ளுதல் இன்று பொதுவிதி. ஏட்டில் மனனஞ் செய்த விதிக்குக் கை அவ்வேளை பணியுமோ? சூத்திரத்தைப் பிழையற ஒப்புவிக்கும் மாணவன், கட்டுரையில் அதனையே பிழைத்தெழுதுவதை நாடோறுங் காண்கிறேன்.

தகுந்த விமானத்தில், போதிய உயரத்தில், பயிற்றுநர் அருகிருக்க, ஒவ்வொரு மாணாக்கனும் ஒருமுறையேனும் சுழன்று மீளட்டும்.